ஊதாத விசில்: பிரிஸ்பேன் 2020

2020 மே 28, வியாழக்கிழமை. திருகோணமலையில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்த காலம். பின்னேரம் மூன்றரை மணியளவில் சிட்னியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் வாட்ஸ்அப்பில் அழைத்து, தன் முகத்தைக் காட்டாமல் ரிவியைக் காட்டினார். அவர் இருப்பது வென்ட்வேர்த்வில்லில். அங்கத்தைய தமிழ்ச் சனம் கிரிக்கெட் என்றும் பரமட்டா ஈல்ஸ் என்ற றக்பிக் கழகம் என்றும் இரண்டு கட்சி. அண்ணை இரண்டாவது கட்சி.

"தம்பி, ஒருத்தரும் இல்லாத மைதானத்தில விளையாடுறாங்கள். சனமில்லாமல் தேர் இழுக்கிற மாதிரிக் கிடக்கு. இந்தா, நீயும் பார்."

பிரிஸ்பேன் சன்கோர்ப் மைதானம். பெருந்தொற்றால் மார்ச்சில் இரண்டே சுற்றோடு நின்றுபோன அவுஸ்திரேலிய றக்பி லீக், அன்றைக்குத்தான் திரும்பத் தொடங்கியது. எனக்கு அந்த ஆட்டம் புதிது. எங்கள் ஊரில் றக்பி என்றால் கடற்படை முகாம் வேலிக்குள் நடக்கும் 'ரகர்'. அது 15 பேர் ஆடும் யூனியன், வேறு சாதி. நான் பள்ளிக்கூடப் பொடியன்களின் கபடிக்கு விசில் ஊதுகிறவன். விசில் ஊதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஆட்டத்தைப் பார்த்தாலும் கண் முதலில் மத்தியஸ்தரிடம்தான் போகும்.

அவர் ஒரு விநோதமான காரியம் செய்தார். பிடித்தவன் பிடிபட்டவனை விட்டு எழும்பாமல் மேலே கிடந்தான். குற்றம். மத்தியஸ்தர் கையை உயர்த்திக் காட்டினார். எங்கிருந்தோ ஒரு மணிச்சத்தம். விசில் இல்லை. ஆட்டம் நிற்கவில்லை. குற்றம் செய்த அணி திரும்பிப் பின்னோக்கி ஓடியது, அவ்வளவுதான்.

"உதென்ன அண்ணை, தண்டனை ஒண்டும் இல்லையே?"

"உதுதான்ரா தண்டனை. திரும்ப ஆறு."

பரமட்டா 34, பிரிஸ்பேன் 6. அண்ணை அன்றிரவு முழுக்க அந்த 34ஐப் பற்றிக் கதைத்தார். எனக்கு அந்த மணிச்சத்தம்தான் காதுக்குள் கிடந்தது. இந்த ஆய்வு அதிலிருந்து வந்தது. ஒரு விதியை மாற்றினால், அந்த விதிக்குள் ஒருவரும் எழுதி வைக்காமல் ஒளிந்திருந்த வேறொன்றும் சேர்ந்து போய்விடும். பிரிஸ்பேன் அணிக்கு 2020இல் நடந்ததை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ஆட்டத்தின் முள்ளந்தண்டு

1895இல் வட இங்கிலாந்துக் கழகங்கள் யூனியனை விட்டுப் பிரிந்தன. சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்கிறவன் ஆட்டத்துக்காக இழந்த நாட்கூலியைக் கொடுக்கலாமா என்பதே சண்டை. பிரிந்தவர்கள் 1906இல் ஆட்களை 13 ஆகக் குறைத்தார்கள். அதோடு, பிடிபட்டவன் எழும்பி நின்று பந்தை நிலத்தில் வைத்துக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும் என்று வைத்தார்கள். இன்றைக்கும் லீக்கின் முள்ளந்தண்டு அதுதான். உருட்டியதும் பின்னால் நிற்கும் டம்மி ஹாஃப் எடுப்பான், ஆட்டம் தொடரும்.

கபடி தெரிந்தவருக்கு இது உடனே பிடிபடும். ஒருவன் எதிராளியின் கூட்டத்துக்குள் போகிறான், அவனை இரண்டு மூன்று பேர் சேர்ந்து அமுக்குகிறார்கள். அதனால் 'டக்கிள்' என்பதை நான் இங்கே 'பிடி' என்றே எழுதுகிறேன். எங்கள் பொடியன்கள் சொல்வதும் அதைத்தான்.

தொடக்கத்தில் பிடிகளுக்குக் கணக்கே இல்லை. பந்து கைக்கு வந்தால் பிழை விடும்வரை வைத்திருக்கலாம். சிட்னியில் சென்ட் ஜோர்ஜ் கழகம் 1956 தொடக்கம் 1966 வரை தொடர்ந்து 11 தடவை சாம்பியன். 1967இல் நான்கு பிடிக்குப் பிறகு பந்தை விட வேண்டும் என்று விதி வந்தது. அதே ஆண்டு சென்ட் ஜோர்ஜின் ஓட்டம் அறுந்தது. முழுப் பழியையும் விதியின் தலையில் போட முடியாது, ஆட்களுக்கும் வயது போயிருந்தது. ஆனாலும் விதி மாறும்போது ஒரு சாம்ராஜ்யம் சரியலாம் என்பதற்கு அந்த ஆட்டத்திலேயே பழைய சாட்சி இருக்கிறது. 1971இல் அவுஸ்திரேலியாவில் நான்கு ஆறாகியது. ஆறு இன்றும் ஆறுதான்.

பிறகு நடந்ததெல்லாம் அந்த உருட்டலைச் சுற்றி நடந்த இழுபறி. தாக்குகிறவன் கெதியாக எழும்பி உருட்டப் பார்ப்பான். தடுக்கிறவன் எவ்வளவு நேரம் மேலே கிடக்கலாமோ அவ்வளவு நேரம் கிடக்கப் பார்ப்பான். காரணம் எளிது. ஒவ்வொரு பிடிக்குப் பிறகும் தடுப்பு வரிசை 10 மீற்றர் பின்வாங்கி நிற்க வேண்டும் (1993இல் 5 மீற்றர் 10 ஆனது). பின்வாங்கி, திரும்பி, மூச்சு வாங்கி, முன்னுக்குப் பாய மூன்று நான்கு விநாடி வேண்டும். அந்த மூன்று நான்கு விநாடியைத் திருடுவதற்காகவே மெல்பேர்ன் ஸ்டோர்ம் போன்ற கழகங்கள் மல்யுத்தமும் ஜியு-ஜிட்சுவும் சொல்லிக் கொடுப்பவர்களைச் சம்பளத்துக்கு வைத்தன. பார்க்கிறவர்களுக்கு அலுத்தது. 'றக்பியா, குஸ்தியா' என்று அண்ணைமார் கேட்கத் தொடங்கினார்கள்.

பெனல்டிக்குள் இருந்த ஓய்வு

2020க்கு முன், மேலே கிடந்து இழுத்தடித்தால் பெனல்டி. விசில் ஊதப்படும். தாக்கும் அணி பந்தை எல்லைக்கு வெளியே உதைத்து முப்பது, நாற்பது மீற்றர் முன்னேறும், அங்கிருந்து புதிய ஆறு பிடி தொடங்கும். கோல் கம்பத்துக்குக் கிட்ட என்றால் உதைத்து 2 புள்ளி எடுக்கலாம்.

தண்டனை கடுமையானதுதான். ஆனால் விசில் ஊதியதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்து காற்றில் போகிறது. 26 பேரும் நடக்கிறார்கள். முழங்காலில் கை வைத்துக் குனிந்து நிற்கிறவன் நிற்கிறான். பயிற்சியாளரின் ஆள் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வருகிறான். தலைவன் மத்தியஸ்தரிடம் "என்ன சேர்?" என்று கேட்கிறான்; அதில் இன்னும் பத்து விநாடி. குற்றவாளிக்குக் கொடுத்த தண்டனைக்குள்ளேயே குற்றவாளிக்கு ஓய்வும் இருந்தது. அந்த ஓய்வைக் கணக்குப் போட்டே வேண்டுமென்று குற்றம் செய்த அணிகளும் இருந்தன. தங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் அடி தாங்க முடியாமல் போனால், "பரவாயில்லை, பெனல்டியைக் குடு, வரிசையைச் சரிப்பண்ணுவம்" என்பதே வழி. இரண்டு புள்ளி போனாலும் மூச்சு வந்துவிடும்.

இதைத்தான் 2020இல் வெட்டினார்கள். பீற்றர் விலாண்டிஸ் தலைமையிலான ஆணையம் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றத்தைக் கொண்டுவந்தது. உருட்டல் இடத்துக் குற்றங்களுக்கு விசில் இல்லை. பிடிக் கணக்கு பூச்சியத்துக்குத் திரும்பும் (அண்ணை சொன்ன 'திரும்ப ஆறு'), ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். 2009 தொடக்கம் களத்தில் நின்ற இரண்டு மத்தியஸ்தர்களில் ஒருவர் வீட்டுக்கு. இரண்டாவதற்குச் செலவும் ஒரு காரணம்; பெருந்தொற்றில் வருமானம் படுத்திருந்தது. மத்தியஸ்தர்களின் சங்கம் தொழில் நியாயசபை வரை போய், பிறகு இணங்கியது.

அந்தச் செய்தியை எல்லோரும் சம்பளப் பிரச்சினையாகத்தான் வாசித்தார்கள். நானும் முதலில் அப்படித்தான் வாசித்தேன்.

பிரிஸ்பேன்

நிறுத்தத்துக்கு முன் பிரிஸ்பேன் புரோங்கோஸ் இரண்டு ஆட்டம் ஆடி இரண்டையும் வென்றிருந்தது. புதிய விதியின் முதல் ஆட்டத்தில் 34க்கு 6 என்று விழுந்தது. அடுத்த கிழமை சிட்னி ரூஸ்டர்ஸிடம் 59க்கு 0. அந்தப் பருவம் முழுக்க அதற்குப் பிறகு கிடைத்தது ஒரே ஒரு வெற்றி. பயிற்சியாளர் அன்ரனி சீபோல்ட் ஓகஸ்டில் விலகினார். 1988இல் தொடங்கிய கழகம், அதுவரை ஆறு தடவை சாம்பியனான கழகம், தன் வரலாற்றில் முதல் தடவையாகக் கடைசி இடத்தில் முடித்தது.

இதைக் காட்டி 'விதிதான் கொன்றது' என்று சொல்வது சுலபம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காயங்கள் இருந்தன. அணி இளசு, நெருக்கடியில் வழிநடத்தக்கூடிய மூத்த ஆட்கள் போதாது. வென்ற இரண்டு ஆட்டமும் பருவத்தின் தொடக்கத்தில் வந்தவை, அதை வைத்து அணியை எடைபோட முடியாது. பழைய விதி இருந்திருந்தாலும் அந்த அணி நடுவில் எங்காவதுதான் முடித்திருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் நடுவில் முடிப்பதற்கும் 59க்கு 0 என்று கிடப்பதற்கும் இடையில் ஏதோ இருக்கிறது. அந்த இடைவெளியை மூச்சைக் கொண்டுதான் நான் நிரப்புகிறேன்.

தடுக்கிற அணி ஒரு பிடிக்குச் செய்ய வேண்டியது இது: 10 மீற்றர் பின்வாங்கு, திரும்பு, முன்னுக்கு ஓடு, மோது, அமுக்கு, எழும்பு. ஆறு பிடிக்கு ஆறு தடவை. ஐந்தாவது பிடியில் மணி ஒலித்தால் எண்ணிக்கை திரும்பத் தொடங்கும், மொத்தம் பதினொன்று. அதிலும் ஐந்தாவதில் ஒரு மணி என்றால் பதினாறு. பதினாறு தடவை பின்னும் முன்னுமாக ஓடினால், பாய்கிற தூரத்தைப் பாதியாகக் குறைத்துக் கணக்குப் போட்டாலும் 240 மீற்றர். 110 கிலோ உடம்போடு, இடையில் மோதல்களோடு, ஒரு விநாடி நிற்காமல். எங்கள் கபடிப் பொடியனை அப்படி ஓடவிட்டால் மாமரத்தடியில் படுத்துவிடுவான், பிறகு தாய் வந்து என்னோடு சண்டை பிடிப்பாள்.

இனி இதைப் பாருங்கள். களைத்தவன்தான் எழும்பப் பிந்துவான். எழும்பப் பிந்துவதுதான் குற்றம். குற்றத்துக்குத் தண்டனை இன்னும் பிடிகள். இன்னும் பிடி என்றால் இன்னும் களைப்பு. பழைய பெனல்டி இந்தச் சுழலை நடுவில் வெட்டிவிட்டது, வேண்டுமென்று அல்ல, தற்செயலாக. விதியை எழுதியவர்கள் 'நேர விரயம்' என்று கண்டதும் அடி வாங்குகிறவன் எழும்பி நிற்கும் இடமும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றை வெட்ட மற்றதும் போனது. ஆள் மாற்றமும் கைகொடுக்கவில்லை: ஒரு ஆட்டத்தில் ஆள் மாற்றக்கூடிய தடவை 2001இல் 12 ஆகவும், 2008இல் 10 ஆகவும், 2016இல் 8 ஆகவும் குறைந்திருந்தது. 2020இல் வேகத்தைக் கூட்டியபோது அந்த 8ஐ ஒருவரும் தொடவில்லை.

பலம் குறைந்த அணிக்கு இது தனி அடி. சமமான இரண்டு அணி மோதினால் களைப்பும் சமமாகப் பிரியும். ஒரு அணி கொஞ்சம் தாழ்ந்ததாக இருந்தால் அந்தக் கொஞ்சம், சுழலுக்குள் விழுந்து, முப்பது புள்ளியாக வெளியே வரும்.

முதல் பிடியின் விலை

பிரிஸ்பேன் போன்ற அணிகள் இப்படி அடிவாங்க, கெட்டிக்காரப் பயிற்சியாளர்கள் விதியின் அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். கள்ளத்தனம் என்றாலும் மூளை வேலை.

'திரும்ப ஆறு' என்றால் ஐந்தாவது பிடியில் குற்றம் செய்தவன் எதிரிக்கு ஐந்து பிடியைத் தானம் கொடுக்கிறான். முதலாவது பிடியில் குற்றம் செய்தவன்? ஒன்றே ஒன்று. மத்தியஸ்தர் காட்டும் கை ஒன்றுதான், மணி ஒன்றுதான், விலை மட்டும் ஐந்து மடங்கு வித்தியாசம்.

அதனால் எதிரணி தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து வெளியே வரத் தொடங்கும்போது, முதலாவது பிடியிலேயே மூன்று பேர் மேலே விழுந்து எழும்பாமல் கிடந்தார்கள். மணி ஒலிக்கும். ஒலிக்கட்டும். எதிரி இன்னும் தன் பகுதியில்தான் இருக்கிறான், கிடைத்தது ஒரு பிடி. இவர்களுடைய வரிசையோ ஆறுதலாகச் சீரமைந்துவிட்டது. பழைய விதியில் இதே குற்றம் நாற்பது மீற்றரைக் கொடுத்திருக்கும். வேகத்துக்காகக் கொண்டுவந்த விதி, அந்த இடத்தில் மட்டும், இழுத்தடிப்பை மலிவாக்கிவிட்டது. மலிவென்றால் வாங்காத மனிதர் யார்?

2021

அடுத்த ஆண்டு விதியைத் தளர்த்துவார்கள் என்று பார்த்தால் இறுக்கினார்கள். 10 மீற்றர் பின்வாங்காத குற்றமும் 'திரும்ப ஆறு' பட்டியலில் சேர்ந்தது. பந்து எல்லைக்கு வெளியே போனால் ஸ்க்ரம் (இரண்டு அணியின் முன்வரிசைக்காரரும் தோள் கோத்துக் குனிந்து நிற்பது) கட்டுவதை விட்டு உருட்டலில் தொடங்கச் சொன்னார்கள். ஸ்க்ரம் என்பதும் முன்வரிசைக்காரர் சாய்ந்து மூச்சு வாங்கும் இடம்தானே. அதுவும் போனது. (இங்கிலாந்தின் சூப்பர் லீக் 2020 ஓகஸ்டில் திரும்பியபோது 'திரும்ப ஆறை' எடுத்துக்கொண்டது, ஸ்க்ரமைத் தற்காலிகமாகக் கைவிட்டது. அங்கத்தைய கதை தனிக் கதை.)

மே மாதம் மெல்பேர்ன் ஸ்டோர்ம் சவுத் சிட்னியை 50க்கு 0 என்று அடித்தது; ஜோஷ் அடோ-கார் தனி ஆளாக 6 ட்ரை (எதிரியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைத்துப் புள்ளி எடுப்பது). ஜூனில் மாநிலங்களுக்கிடையிலான தொடரின் முதல் ஆட்டம் டவுன்ஸ்வில்லில், குயின்ஸ்லாந்தின் சொந்த மண்ணில்: நியூ சவுத் வேல்ஸ் 50, குயின்ஸ்லாந்து 6. ஸ்டோர்ம் தொடர்ந்து 19 வெற்றி பெற்று 1975இல் ஈஸ்டேர்ன் சபேர்ப்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்தது. குஸ்தி வாத்தியார் வைத்து ஆட்டத்தை மெதுவாக்கியவர்கள் என்று திட்டு வாங்கிய அதே கழகம்தான், வேகமான விதியிலும் எல்லோரையும் விட வேகமாக ஓடியது. நல்லவன் எந்தப் பரீட்சையிலும் நல்லவன். மெதுவான தாளுக்கும் வேகமான தாளுக்கும் படித்துக்கொண்டு வந்துவிடுவான்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஜூலையில் நோய் பரவியதால் நியூ சவுத் வேல்ஸ் கழகங்கள் எல்லாம் குயின்ஸ்லாந்துக்குக் குடிபெயர்ந்து, ஹோட்டல்களில் தங்கி ஆடின. அதுவும் ஸ்கோர்களை வளைத்திருக்கும்.

பருவத்தின் கடைசிக் கட்டம் இன்னும் சுவாரசியம். விதி அதே விதி. ஆனால் பென்ரித்தின் கடைசி மூன்று ஆட்டத்தில் ஸ்கோர்கள் சுருங்கின. பென்ரித் 8, பரமட்டா 6. பென்ரித் 10, மெல்பேர்ன் 6. இறுதியாட்டம் பென்ரித் 14, சவுத் சிட்னி 12. வேகம் தானாக ட்ரை கொடுக்காது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். பலம் சமமானவர்கள் சந்தித்தபோது சுழல் சுழலவே இல்லை.

அந்த 8க்கு 6 ஆட்டத்தைப் பற்றி அண்ணையிடம் இப்போதும் வாய் திறக்க முடியாது. கடைசி நிமிடங்களில் பரமட்டா முட்டிக்கொண்டு நிற்கிறது. பென்ரித் ஆள் ஒருவன் காயப்பட்டு விழ, அவர்களுடைய பயிற்சி உதவியாளர் ஓடி வந்து ஆட்டத்தை நிறுத்தச் சொல்ல, மத்தியஸ்தர் நிறுத்தினார். தடுப்பு வரிசை அந்த நேரத்தில் சீராகிவிட்டது. பிறகு லீக் நிர்வாகம் பென்ரித் கழகத்துக்கு அபராதம் விதித்தது.

"அபராதத்தை வைச்சு நான் என்னடா செய்யிறது? அந்த அரை நிமிசத்தைத் திருப்பித் தரச் சொல்லு."

அண்ணையின் கோபத்துக்குள் ஒரு பொருளியல் இருக்கிறது. ஓய்வு எங்கும் கிடைத்த காலத்தில் ஒரு அரை நிமிடத்துக்காக ஒருவரும் அடிபட மாட்டார்கள். எல்லாக் கடையையும் பூட்டிய பிறகு, மிச்சமிருந்த ஒரே கடையில்தான் கூட்டம். காயமும் அந்தக் கடைகளில் ஒன்றாகிவிட்டது.

காயத்தோடு தலையும் வருகிறது. 2021 மே நடுவில், பிரிஸ்பேனில் எல்லா அணிகளும் ஒரே வாரஇறுதியில் ஆடிய சுற்றில், தலையில் படும் பிடிகளுக்குக் கடும் நடவடிக்கை என்று திடீரென்று அறிவித்தார்கள். எட்டு ஆட்டத்தில் 3 பேர் முற்றாக வெளியேற்றம், 14 பேர் பத்து நிமிடம் வெளியே. நோக்கம் முழுக்கச் சரி. அந்த ஆண்டில்தான் ரூஸ்டர்ஸின் ஜேக் ஃபிரண்டும் போய்ட் கோர்ட்னரும் தலையடிகளால் ஆட்டத்தை விட்டார்கள். அவர்களுடைய அடிகள் பல வருடத்துச் சேமிப்பு, புதிய விதியில் பழி போட முடியாது. ஆனால் விசில்காரனாக எனக்கு ஒரு முரண் தெரிகிறது. களைத்தவன் குனிய மாட்டான். முழங்காலை மடித்து இடுப்பில் பிடிக்க வேண்டியவன் நிமிர்ந்தபடி கையை வீசுவான், கை கழுத்துக்குப் போகும். ஒரு கையால் களைப்பைக் கூட்டிக்கொண்டு மறு கையால் துல்லியம் கேட்டார்கள். 2023இல் மூளை அதிர்ச்சி உறுதியானால் 11 நாள் கட்டாய ஓய்வு வந்தது. அது நல்ல விதி. ஆனால் அடி விழுந்த பிறகு வருகிற விதி.

டச்பேயில்

விசில் ஊதுகிறவனைப் பற்றி இதுவரை பேசவில்லை. அதை நான் ரிவியில் படிக்கவில்லை, எங்கள் ஊர்க் கடற்கரையான டச்பேயின் மணலில் படித்தேன்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு பின்னேரம், கபடிப் பொடியன்களைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் 'தொட்டால் பிடி' என்ற கணக்கில் லீக் ஆடவிட்டேன். ஒரு பக்கம் கோட்டை, அந்தப் பக்கத்துப் புல்லில் மேய்கிற மான்கள் எங்களைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆறு தொடல், பின்வாங்க ஐந்து எட்டு. முதல் பாதியில் பிழைக்கு விசில் ஊதி நிறுத்தினேன். இரண்டாம் பாதியில் கையை மட்டும் உயர்த்தி "திரும்ப ஆறு!" என்று கத்தினேன்.

பொடியன்கள் களைத்தது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது நான் களைத்தது. விசில் ஊதி நிறுத்திய பாதியில் எனக்கும் ஓய்வு இருந்திருக்கிறது. அடுத்து எங்கே நிற்க வேண்டும், எவனைக் கவனிக்க வேண்டும் என்று யோசிக்கிற ஓய்வு. இரண்டாம் பாதியில் பத்து நிமிடம் போனதும், தொட்ட இடத்தைப் பார்த்தால் பின்வாங்கும் வரிசை தெரியவில்லை. வரிசையைப் பார்த்தால் தொட்ட இடம் தெரியவில்லை.

"சேர், அவன் பின்னுக்குப் போகவே இல்லை!" என்று ஒருவன் கத்தினான். அவன் சொன்னது சரியாக இருக்கலாம். நான் பார்க்கவில்லை. ஆனாலும் கையை உயர்த்தினேன், அடுத்த தடவை மற்றப் பக்கத்துக்கும் உயர்த்திச் சமப்படுத்தினேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். விசில் ஊதினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், காரணம் சொல்ல வேண்டும். கையை உயர்த்தினால் ஆட்டம் ஓடிவிடும், ஒருவரும் கேட்பதற்குள் அடுத்த பிடி. கேள்வி கேட்கப்படாத தீர்ப்பைக் கொடுப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இரண்டு மத்தியஸ்தர் நின்ற காலத்தில் ஒருவர் உருட்டலுக்குப் பக்கத்தில், மற்றவர் 10 மீற்றர் வரிசையில். இப்போது ஒருவரே வரிசையோடு பின்வாங்கி ஓடிக்கொண்டு, பத்து மீற்றருக்கு அப்பால் மனிதக் குவியலுக்குள் எந்தக் கை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எண்பது நிமிடம், முன்னையதை விடக் குறைந்த நிறுத்தங்களோடு. மேலே அறையில் இருந்து காணொளி பார்க்கிறவர்கள் 2016 முதல் இருக்கிறார்கள்; அணித் தலைவன் ஒரு தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் உரிமையும் 2020இல் வந்தது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் 'திரும்ப ஆறை' நிறுத்திக் கேட்க வழியில்லை. ஆட்டத்தை அதிகம் வளைக்கும் தீர்ப்பு, மறுபரிசீலனை இல்லாத தீர்ப்பாகவும் ஆனது.

கடிகாரமும் கையும்

கபடியிலும் இழுத்தடிப்பு நோய் இருந்தது. முந்தி ஊரில் சடுகுடு ஆடியபோது பாட்டே கடிகாரம். பாடுகிறவனின் மூச்சு அறுந்தால் அவன் அவுட், வேறு மத்தியஸ்தர் தேவையில்லை. பிறகு 30 விநாடி என்று வைத்தார்கள். முன்னணியில் நிற்கிற அணி கோட்டைத் தாண்டி, சும்மா உலாவி, திரும்பி வரப் பழகியது. அதற்கு மருந்தாக வந்தது மூன்றாவது ரெய்டு விதி: தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் போனவன் அவுட்.

இரண்டு ஆட்டமும் ஒரே நோய்க்கு மருந்து தேடியவை. கபடி வேகத்தைக் கடிகாரத்திடமும் எண்ணிக்கையிடமும் கொடுத்தது. மூன்றாவது ரெய்டு வருகிறது என்று அரங்கில் இருக்கிற குழந்தைக்கும் முன்கூட்டியே தெரியும், இரண்டு அணிக்கும் ஒரே அளவு. லீக்கும் முந்தி அப்படிச் செய்ததுண்டு: நான்கு பிடி, ஆறு பிடி, 2016இல் ஸ்க்ரமுக்கும் கோட்டு உதைக்கும் வைத்த விநாடிக் கணக்கு. 2020இல்தான் வேகத்தை ஒரு மனிதனின் கையில் கொடுத்தது. அந்தக் கை யார் களைக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. கையின் சொந்தக்காரனோ எல்லோரையும் விட அதிகம் ஓடுகிறவர்களில் ஒருவன். நான் வேகத்துக்கு எதிரி இல்லை. அண்ணையின் ரிவியில் 2019இன் ஆட்டம் ஒன்றைப் பிறகு தேடிப் பார்த்தேன். அரைவாசியில் நித்திரை வந்தது.

2022இல் நிர்வாகம் ஒரு அடி பின்வாங்கியது. தாக்கும் அணி தன் சொந்த 40 மீற்றருக்குள் நிற்கும்போது எதிரி இந்தக் குற்றங்களைச் செய்தால் திரும்பவும் விசில், திரும்பவும் முழுப் பெனல்டி. முதல் பிடியில் மலிவாக விழுந்து கிடக்கும் வியாபாரத்துக்கு அது ஆப்பு. அந்த நாற்பது மீற்றருக்குள் களைத்தவனுக்கும் மூச்சு திரும்பி வந்தது. மற்ற அறுபது மீற்றரில் அப்போதும் மணி மணிதான்.

அந்த ஆண்டு பரமட்டா இறுதியாட்டம் வரை போனது. 1986க்குப் பிறகு கோப்பை காணாத கழகம். ஒக்டோபர் 2, எங்கள் நேரம் மத்தியானம் இரண்டு மணி. அண்ணை சாப்பிடாமல் காத்திருந்தார். பென்ரித் 28, பரமட்டா 12. பென்ரித் 2021 தொடக்கம் 2024 வரை நான்கு ஆண்டும் சாம்பியன். சென்ட் ஜோர்ஜுக்குப் பிறகு அப்படி ஒரு கழகம் இல்லை. ஒரு விதி மாற்றம் ஒரு சாம்ராஜ்யத்தைச் சரித்தது, இன்னொன்று ஒரு சாம்ராஜ்யத்துக்குப் பந்தல் போட்டது. பென்ரித்தின் பலம் எங்கே என்று அண்ணையிடம் கேட்டேன். "அவங்கள் எழும்பிறாங்கள் தம்பி. அமுக்கினாலும் எழும்பிறாங்கள், அமுக்கிப்போட்டும் எழும்பிறாங்கள்."

நாற்பது மீற்றரில் கோடு போட்டார்கள், பெனல்டியைப் பாதி திருப்பிக் கொடுத்தார்கள், தலைக்கு ஓய்வு வைத்தார்கள். களத்தை விட்டு அனுப்பிய இரண்டாவது மத்தியஸ்தரை மட்டும் திருப்பி அழைக்கவில்லை.